கருணாகரனின் நடை

மருத்துவமனைப் பயிற்சி அறையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மேகலாவை நிறுத்தி, இடுப்பில் பட்டையை இறுக்கிவிட்டு, "எங்க, நடங்கம்மா பார்ப்போம்" என்று பிலோமினா சொன்னதும், மேகலாவின் வலது கால் அவளைக் கேட்காமலே முன்னால் போய் விழுந்தது. அவ்வளவு தள்ளி ஒரு எட்டை அவள் தன் ஆயுளில் வைத்ததில்லை. குதிகால் முதலில் தரையில் மோதியது. பாதம் பிறகு நிதானமாக அமர்ந்தது. அடுத்து இடது கால். மறுபடியும் வலது.

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் இனியா தலை நிமிரவில்லை. அவளுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"அப்பா வந்தாச்சு" என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அடுப்படியில் இருப்பவர்களுக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். பிறகுதான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

கருணாகரன் இறந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் சிங்கம்புணரியிலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்கள் புருஷனும் பெண்டாட்டியும். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, வெறுங்கால். நத்தம் தாண்டித் திண்டுக்கல் போகும் சாலையில், பொழுது விடிந்தும் விடியாததுமாக, பின்னாலிருந்து ஒரு சரக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் இல்லாத வண்டிகள் அந்தச் சாலையில் ஓடத் தொடங்கியிருந்த காலம். கம்பும் பையுமாகச் சாலையோரம் அசைந்து போகிற கூட்டத்தை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று வண்டிக்குத் தெரியாமல் போய்விட்டதாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அது முதலில் தட்டியது மேகலாவைத்தான். அவள் பள்ளத்தில் மல்லாந்து விழுந்தாள். முதுகுக்குக் கீழே உடம்பு இல்லாமல் போனது போலிருந்தது. நாலைந்து எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டுத் திரும்பினாரா, திரும்புவதற்குள் அவரையும் வண்டி அடித்துவிட்டதா என்பது அவளுக்குத் தெரியாது. கூட வந்தவர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

அவருக்குத் தலையில் அடி. மூளை போய்விட்டது, இருதயம் மட்டும் ஓடுகிறது என்றார்கள்.

"தண்டுவடத்தோட அடிப்பக்கத்துல நடக்குறதுக்குன்னே ஒரு தாளம் இருக்கும்மா" என்று பிலோமினா அன்று அவள் கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினாள். அந்த மருத்துவமனையில் அடிபட்டவர்களை மறுபடி நடக்கப் பழக்குவது அவள் வேலை. திண்டுக்கல்காரி. கை இரும்பு, பேச்சு பஞ்சு. "மேல இருந்து மூளை 'நட'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எந்தக் காலை எப்பத் தூக்கணும், எப்ப வைக்கணும்னு அதுவே பாத்துக்கும். உங்களுக்கு அடிபட்டதுல அந்தத் தாளம் கலைஞ்சு போச்சு. அதனால இன்னொருத்தரோட தாளத்தைப் பதிவு பண்ணி, புளியங்கொட்டை அளவுல ஒரு கருவியில போட்டு உங்க முதுகுல வெச்சிருக்கு."

"இன்னொருத்தர்னா?"

பிலோமினா இனியாவைப் பார்த்தாள். இனியா சித்தப்பாவைப் பார்த்தாள்.

கருணாகரனின் தம்பி குமரேசன் தொண்டையைச் செருமிக்கொண்டான். மருத்துவமனையில் ஏற்கெனவே எடுத்து வைத்த பதிவுகள் நிறைய இருந்தனவாம். மேகலாவின் உயரத்துக்கும் வயதுக்கும் பொருந்துகிற ஒரு பெண்ணின் பதிவைத்தான் டாக்டர்கள் சொன்னார்களாம். அவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"எந்த ஊரோ, யார் வீட்டு ஆளோ. அது வந்து நம்ம வீட்டுக்குள்ள, சாமி ரூம் வரைக்கும் நடக்குறதா? அண்ணன் பக்கத்து வார்டுலயேதான கிடந்தாரு. அவருதை எடுங்கன்னு சொல்லிப்புட்டேன் மதினி. நம்ம சனம் அத்தனை பேரும் அதான் சரின்னாங்க."

"உயரம் ஒத்துவராதுன்னு டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பாத்தார்" என்றாள் பிலோமினா.

"புருசன் பொண்டாட்டிக்கு ஒத்துவராமப் போகுமாங்க?" என்றான் குமரேசன்.

மேகலா போர்வைக்கு மேலே தன் தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. கருணாகரன் மேற்பார்வையாளராக இருந்த பால் குளிரூட்டும் நிலையத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் கேட்டுக்கு வெளியே நின்று பீடி இழுத்துக்கொண்டிருந்தான். மேகலா யாரையோ வழியனுப்ப வாசல் வரை வந்தாள். முதுகுக்குப் பின்னால் அந்த நடையைக் கேட்டதும் பீடியைச் சாக்கடையில் போட்டுவிட்டு, வாயையும் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"சூப்பர்வைசர் சாருன்னு நெனச்சுட்டேங்கா" என்று அசடு வழிந்தான். பிறகு அவன் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் சிரிக்கவும் செய்தார்கள், மூக்கையும் சிந்தினார்கள்.

பக்கத்து வீட்டு ஜெயராணி மட்டும் பட்டென்று கேட்டாள். "ஏன் மேகலா, ராத்திரி தண்ணி குடிக்க நீ எந்திரிச்சுப் போறப்ப உனக்கே பயமா இருக்காதா?"

பயமாகத்தான் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் அடுப்படிக்குப் போகும்போது வீட்டுக்குள் அவர் நடக்கிறார் என்று தோன்றும். நின்றால் அவரும் நிற்பார். விளக்கைப் போட்டால் தரையில் தன் பாதங்கள் தெரியும். மெட்டி கழற்றிய விரலில் வெளுத்த தடம். அந்தப் பாதத்தைத் தூக்கினால் அவர் தூக்குவார். ஆனால் ஒரு மாதத்திலேயே பயம் வேறு ஒன்றாக மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் நடந்து பார்த்துக்கொள்வாள், இன்னும் இருக்கிறாரா என்று.

அந்த நடையில் ஒரு சுணக்கம் இருந்தது. ஏழெட்டு எட்டுக்கு ஒருமுறை, தரையைவிட்டுக் கிளம்ப வேண்டிய இடது கால் ஒரு கணம் நிற்கும். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல. பிறகு போகும்.

"இது மட்டும் எனக்குப் புரியலம்மா. பதிவுலயே இருக்கு, அதை எடுத்தப்ப நான் இல்ல" என்றாள் பிலோமினா. "சாருக்குக் கால்ல பழைய அடி ஏதாவது உண்டா?"

"அவருக்கா? மாடு மாதிரி நடப்பாரே."

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில்தான் மேகலாவுக்கு அது விளங்கியது.

கருணாகரன் எப்போதும் முன்னால் போகிறவர். கோயிலோ, கடைத்தெருவோ, கல்யாண வீடோ, அவர் முன்னால், இவள் பின்னால். கல்யாணமான புதிதிலிருந்தே அதற்காகச் சண்டை பிடித்திருக்கிறாள். "என்னங்க, ஓட்டப்பந்தயமா? பின்னாடி ஒருத்தி வர்றாளேன்னு திரும்பியாவது பாக்குறீங்களா?" "நீ எங்க போயிரப் போற, வா வா" என்பார், திரும்பாமலே. பழனிச் சாலையில் அந்தக் கடைசி விடியற்காலையிலும் அவர் முதுகைத்தான் அவள் பார்த்துக்கொண்டு போனாள்.

இருபது வருடமாக அவள் பார்த்தது முதுகை. காலைப் பார்க்கவில்லை. ஏழெட்டு எட்டுக்கு ஒருமுறை அந்தக் கால் நின்று, பின்னால் அவள் வருகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

அன்று சாயங்காலம் இனியாவிடம் சொன்னாள். "திரும்பிப் பாக்காத மனுசன்னு எத்தனை ஏச்சு ஏசியிருப்பேன். முகந்தாண்டி திரும்பல. கால் நின்னு பாத்திருக்கு."

இனியா அம்மாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் காரியத்தின்போது அவள் அழவில்லை. வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக ஓடியதில் அழ நேரமில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். திருச்சியில் படித்துக்கொண்டிருந்தவள், அம்மா எழுந்து நடக்கிறவரைக்கும் என்று விடுப்பு போட்டாள். அம்மா நடந்தும் அவள் திரும்பிப் போகவில்லை.

"அம்மா, வாசல்லருந்து அடுப்படி வரைக்கும் ஒருவாட்டி நடங்களேன்" என்றாள் அன்று. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மேகலா நடந்தாள்.

அதன் பிறகு அது அன்றாட வழக்கமாயிற்று. கருணாகரன் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு இனியா முகம் கழுவி, விளக்கேற்றி, சோபாவில் போய் உட்கார்ந்துவிடுவாள். கண்ணை மூடிக்கொள்வாள். மேகலா கேட்டைத் திறந்து உள்ளே நடந்து வருவாள். சில நாள் இனியா கண்ணைத் திறக்காமலே, "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். மேகலா பதில் பேச மாட்டாள். பேசினால் கெட்டுவிடும். பிறகு ஒரு நாள் இனியா அலமாரிக்கு அடியிலிருந்து கருணாகரனின் தோல் செருப்பை எடுத்து வந்தாள். வெறுங்காலோடு பழனிக்குப் போனவர் விட்டுப்போன செருப்பு. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு நடங்கம்மா. அப்பத்தான் சரியா கேக்கும்."

செருப்பு பெரிது. குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது. அதையும் போட்டுக்கொண்டு மேகலா நடந்தாள். இடுப்பில் சுரீரென்றது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மகளின் கண்மூடிய முகத்தில் அப்படி ஒரு அமைதி.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு பிலோமினா சத்தம் போட்டாள்.

"பயிற்சி பண்றீங்களா இல்லையாம்மா? உண்மையைச் சொல்லுங்க."

மேகலா சிரித்து மழுப்பினாள்.

"சாரு ஆறடி. நீங்க அஞ்சடி. அவரு எட்டை உங்க இடுப்பு எப்படித் தாங்கும்? மூட்டு தேய ஆரம்பிச்சிருச்சு. இப்படியே விட்டா அடுத்த வருசம் மறுபடி சக்கர நாற்காலிதான்." நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "கட்டடம் கட்டுறவங்க சாரம் கட்டுவாங்கல்ல? கட்டடம் நின்னுருச்சுன்னா பிரிச்சிருவாங்க. இதுவும் அப்படித்தான். பயிற்சி பண்ணப் பண்ண உங்க தண்டுவடமே புதுசா ஒரு தாளம் போட்டுக்கும். நான் இந்தக் கருவியைக் கொஞ்சங்கொஞ்சமா இறக்கிக்கிட்டே வருவேன். கடைசியில அணைச்சிரலாம்."

"அணைச்சா அவரு நடை?"

"போயிரும்."

"திரும்ப வேணும்னா?"

"வராதும்மா. உங்க தாளம் உக்காந்த எடத்துல இன்னொண்ணு உக்காராது."

மேகலா எழுந்துகொண்டாள். "பாக்கலாம்" என்றாள்.

வருடம் திரும்பப் போகிறது, திதிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று குமரேசன் வந்தான். இனியா கடைக்குப் போயிருந்தாள். மேகலா காபி போட்டு எடுத்து வந்தாள். அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் இடது கால் ஒருமுறை நின்று கிளம்பியது. தம்ளரில் காபி தளும்பியது.

குமரேசன் அதைப் பார்த்துவிட்டான். "இந்த இழுவை இன்னுமா போகல மதினி?"

"எந்த இழுவை?"

"கால் நின்னு நின்னு போகுதுல்ல. அன்னைக்கும் இப்பிடித்தான் போச்சு அண்ணனுக்கு."

"என்னைக்கு?"

"மிசின்ல போட்டு நடையை எடுத்தாகள்ல, அன்னைக்கு." தம்ளரை வாங்கி ஆற்றினான். "நீங்க அதைப் பாக்கல. பாக்காததே நல்லது. ஆளு செத்தாச்சு. மல்லாக்கப் படுத்துருக்காரு. ரெண்டு காலும் தனியா நடக்குது. இப்பிடி, இப்பிடி. மிசின்தான் நடத்துதுன்னு தெரியுது. ஆனாலும் மனசு கேக்குமா? செத்த மனுசன் படுத்துக்கிட்டே எங்கயோ போறாரு மதினி. என்னால பாத்துட்டு நிக்க முடியல. நர்சு அந்தப் பக்கம் போச்சா, அவரு கட்டியிருந்த பச்சை வேட்டியில ஒரு ஓரம் கிழிச்சேன். போர்வைக்குள்ள கையை விட்டு ரெண்டு காலு பெருவிரலையும் சேத்துக் கட்டிப்புட்டேன். எப்பிடியும் கட்டத்தானே வேணும்? செத்தவுக கால் கட்டாம இருக்கலாமா?"

மேகலா தன் இடது காலைப் பார்த்தாள்.

"இறுக்கிக் கட்டல. மிசினு விடுமா? கட்டு வந்து வந்து இழுத்துப் பிடிக்கும், கால் அப்பிடியே நிக்கும், அப்பறம் புடுங்கிக்கிட்டுப் போகும். எல்லாம் முடிஞ்சு வயரைக் கழட்டையிலதான் அவுக பாத்தாக. என்னமோ கொலை பண்ணிட்ட மாதிரி மொறைச்சாக. மறுபடி எடுக்கலாம்னா அதுக்குள்ள இருதயம் நின்னுபோச்சு." காபியை ஒரு மடக்கு குடித்தான். "சீனி போடலையா மதினி?"

அவள் அடுப்படிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே கேட்டாள். "அந்தக் கட்டை அவுத்தீங்களா?"

"அவுக்காமலா? மயானத்துல தீ வெக்கிறதுக்கு முன்னால எல்லாக் கட்டையும் அறுத்தாகணும்ல. அரைஞாண் கொடி, விரல் கட்டு, ஒண்ணு விடாம நாந்தான் அறுத்தேன். இல்லாட்டி போற உசுரு எப்பிடிப் போகும்?"

குமரேசன் போன பிறகு மேகலா கூடத்தின் நடுவில் வெகுநேரம் நின்றாள். நடக்கத் துணிவு வரவில்லை. கடைசியில் ஒரு எட்டு வைத்தாள். பிறகு ஒன்று. பிறகு ஒன்று. ஒவ்வொன்றாக வைத்து, அந்த இடம் வந்தது. இடது கால் நின்றது. இத்தனை நாளும் அந்தக் கணத்தில் அவள் உள்ளுக்குள், "வந்துட்டேங்க" என்று சொல்லிக்கொள்வாள். இன்று ஒன்றும் சொல்லாமல் கவனித்தாள். அது நிற்கவில்லை. இழுத்துப் பிடித்தது. போக முடியாமல் முட்டியது. பிறகு பிய்த்துக்கொண்டு போனது.

மயானத்தில் அறுத்தது துணியை. கட்டுப்பட்ட கால் இங்கே கிடந்திருக்கிறது, அவள் முதுகில், பத்து மாதமாக. அதைத்தான் செருப்புப் போட்டு நடக்க வைத்திருக்கிறார்கள் அம்மாவும் மகளும்.

மறுநாள் பிலோமினாவிடம் போய், "இறக்கிருங்க" என்றாள்.

"மகளுக்கு என்ன சொல்லப் போறீங்க?" பிலோமினாவுக்குச் சாயங்கால நடை பற்றி எப்படியோ தெரிந்திருந்தது.

"இடுப்பு வலின்னு சொல்லிக்கிறேன்."

அப்படித்தான் சொன்னாள். இனியா முதலில் நம்பவில்லை. பிறகு கத்தினாள்.

"வலிச்சா மாத்திரை போடுங்க. இதுக்குப் போயி அப்பாவை அனுப்பிருவீங்களா?"

"அனுப்புறேன்னு ஏன்டி சொல்ற? நான் என் கால்ல நடக்கணும்ல?"

"இது மட்டும் யாரு கால்? இவ்வளவு நாளும் உங்களுக்காக நின்னு நின்னு வந்தாருன்னு நீங்கதான சொன்னீங்க? அவரு உங்களுக்காக நின்னாரு. நீங்க அவருக்காக நிக்க மாட்டீங்க. அப்படித்தான?"

ஒரு வார்த்தை போதும், இனியாவின் வாயை அடைக்க. பச்சை வேட்டி ஓரம், பெருவிரல், கட்டு. மேகலாவின் நாக்கு நுனி வரை அது வந்தது. மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்பா அம்மாவுக்காக நின்றார் என்பது ஒன்றுதான் அந்தப் பிள்ளையிடம் மிச்சம் இருந்தது.

"ஆமா, நிக்க மாட்டேன்" என்றாள்.

இனியா செருப்பை எடுத்துக்கொண்டு போய்த் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

கருவியை இறக்க இறக்க மேகலா விழுந்தாள். கம்பிகளுக்கு நடுவில் விழுந்தாள், குளியலறையில் விழுந்தாள், ஜெயராணி வீட்டு வாசலில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். ஒரு கால் ஒரு பக்கமும் இன்னொன்று இன்னொரு பக்கமும் போயின. கருணாகரன் ஒரு எட்டு வைப்பார், நடுவில் விட்டுவிடுவார். மிச்சத்தை இவள் தட்டுத்தடுமாறி முடிக்க வேண்டும். முட்டியில் களிம்பு தடவும்போதுகூட இனியா பேசவில்லை. தடவிவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் பயிற்சி அறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குட்டிக் குட்டி எட்டாகப் போய் நின்றாள். வேர்த்துக் கொட்டியது.

"இது யாரு நடைன்னு தெரியுதா?" என்றாள் பிலோமினா.

"யாரு நடை?"

"உங்க நடைதான்."

"நான் இப்படியா நடப்பேன்?" மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. "கோழி மாதிரில்ல இருக்கு."

"கோழிதான் ஊரெல்லாம் சுத்திட்டு ஒழுங்கா வீடு வந்து சேருது" என்றாள் பிலோமினா.

சுணக்கம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு எப்போதோ ஒருமுறைதான் வந்தது. அது கடைசியாக எந்த நாள், எந்த இடத்தில் வந்தது என்பதை மேகலா கவனிக்கத் தவறிவிட்டாள். அதன் பிறகு பல நாள் அந்த இடத்துக்கு வந்ததும் தானாகவே நின்று பார்த்தாள். ஒன்றும் இழுக்கவில்லை. அந்த விடியற்காலையில் அவர் திரும்பினாரா என்பது அவளுக்கு இனித் தெரியப்போவதில்லை. அவர் நடையும் அதைச் சொல்லவில்லை.

கருவியை முழுதாக அணைத்த அன்று பிலோமினா அவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். ஆட்டோவிலிருந்து இறங்கி மேகலா கேட்டைத் திறந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. கருணாகரன் வருகிற நேரம்.

இனியா சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் போலிருந்தது. தரையில் அவள் காலருகே அந்தச் செருப்பு ஜோடியாக இருந்தது. மேகலா கூடத்தில் கால் வைத்தாள். சின்ன எட்டு. பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும் மெல்லிய சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

இனியாவின் நெற்றி சுருங்கியது. கண்ணைத் திறக்கவில்லை.

"யாரு?" என்றாள்.

"நான்தாம்மா."

மேகலா நிற்காமல் அவள் அருகே வந்து சேர்ந்தாள். இனியா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். திறந்த கேட்டைப் பார்த்தாள். அங்கே யாரும் வரவில்லை. அவள் உதடு கோணியது. பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ஒரு வருடத்துக்கும் முன்பு, நடு வீட்டில் உடம்பைக் கிடத்தியிருந்தபோது, எல்லாரும் அவளிடம் எதிர்பார்த்துக் காத்திருந்த சத்தம். "அப்பா... ஐயோ என் அப்பா..." என்று மார்பில் அடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். மேகலாவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து ஜெயராணி ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"என்னாச்சு மேகலா? யாருக்கு என்ன?"

மேகலா மகளின் தலையிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ அப்பா தவறிட்டாருக்கா" என்றாள்.